வேலையை மாற்றிக்கொண்டு மேற்படிப்புக்குப் போகிறவர்கள் எழுதும் கட்டுரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு கலைக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், பழைய மாணவர்கள், அவர்களுடைய நண்பர்கள், நண்பர்களின் அக்காமார் என்று யாராவது ஒரு கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கிற பர்சனல் ஸ்டேட்மென்டோ எஸ்ஓபியோ (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ், ஏன் இந்தப் படிப்பு என்று சொல்லும் கட்டுரை) அது. அனுப்புகிறவர்களில் பலர் படித்தது ஒன்று, பார்த்த வேலை ஒன்று, இனிப் படிக்கப்போவது மூன்றாவதாக ஒன்று. அவர்கள் கேட்பதும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

துறை மாறுவதை விளக்கும்போது பெரும்பாலோர் எங்கே தடுமாறுகிறார்கள்?

வீட்டில் சொன்ன பதிலையே கட்டுரையிலும் சொல்கிறார்கள். நிரந்தர வேலையை விட்டவனிடம் பெரியப்பாவிலிருந்து கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் வரை எல்லோரும் கேட்பது "ஏம்ப்பா விட்ட?" என்பதுதான். மாதக்கணக்கில் அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி நம் பேச்சே சமாதானம் சொல்கிற பேச்சாகிவிடுகிறது. வேலையில் திருப்தி இல்லை, வளர்ச்சி இல்லை, மனசு ஒட்டவில்லை என்று ஒரு பக்கம் முழுக்க விட்டுவந்ததைப் பற்றியே எழுதிவிட்டு, கடைசி நான்கு வரியில் புதுப் படிப்பைத் தொடுகிறார்கள்.

விண்ணப்பத்தைப் படிக்கும் பேராசிரியருக்கு உங்கள் பழைய வேலைமீது எந்தப் பாசமும் கிடையாது. விட்டது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல அவர் உட்காரவில்லை. இந்தப் படிப்பு எதைப் பற்றியது என்று இவருக்குத் தெரியுமா, சேர்ந்தால் பாதியில் போகாமல் முடிப்பாரா, வகுப்பில் மற்றவர்களிடம் இல்லாத எதையாவது கொண்டுவருவாரா, இதைத்தான் பார்க்கிறார். இந்த மூன்றாவது கேள்விக்கு நேராகப் படித்து வந்தவரைவிட வேலை பார்த்துவிட்டு வந்தவரிடம்தான் நல்ல பதில் இருக்கும். அந்தப் பதிலை எழுதாமல் மன்னிப்புக் கடிதம் எழுதினால் எப்படி?

எஸ்ஓபி, பர்சனல் ஸ்டேட்மென்ட் இரண்டும் ஒன்றா?

சில இடங்களில் ஒன்று, சில இடங்களில் இல்லை. அமெரிக்காவில் பெர்க்லி, மிச்சிகன் போன்ற பல்கலைக்கழகங்கள் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கின்றன. எஸ்ஓபியில் படிப்பு, ஆய்வு, திட்டம் வரும். மற்றதில் நீங்கள் எந்தச் சூழலிலிருந்து வருகிறீர்கள், எதைத் தாண்டி வந்தீர்கள் என்பது வரும். இங்கிலாந்தில் முதுநிலைப் படிப்புக்குப் பெரும்பாலும் ஒரே பர்சனல் ஸ்டேட்மென்ட்தான், அதிலேயே எல்லாம் அடங்க வேண்டும். யுகாஸ் என்ற அந்நாட்டுப் பொது விண்ணப்ப முறை பற்றியும் 4,000 எழுத்து வரம்பு பற்றியும் கேள்விப்பட்டுக் குழம்ப வேண்டாம், அது பிளஸ் டூ முடித்து இளங்கலைக்குப் போகிறவர்களுக்கு. ஜெர்மனியில் மோட்டிவேஷன் லெட்டர் என்பார்கள்.

இரண்டும் தனித்தனியாகக் கேட்கும் இடத்தில் துறை மாற்றத்தின் அறிவுப் பக்கத்தை, அதாவது எந்தக் கேள்வி உங்களை இங்கே கொண்டுவந்தது என்பதை, எஸ்ஓபியில் வையுங்கள். குடும்பச் சூழல், பணக்கஷ்டம், உடல்நலம் எல்லாம் மற்றதில். ஒரே கதையை இரண்டிலும் ஒட்டினால் இரண்டாவதைப் படிக்கிறவருக்கு முதல் பத்தியிலேயே அலுத்துவிடும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? சிறு வயதிலிருந்தா?

வேண்டாம். "சிறு வயதிலிருந்தே எனக்கு" என்று தொடங்கும் வரியை நீங்கள் எழுதும் அதே நாளில் இன்னும் பல ஊர்களில் பலர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தவிர, சிறு வயதிலிருந்தே ஆசை என்றால் நடுவில் ஐந்து வருடம் வேறு வேலை பார்த்தது ஏன் என்ற சந்தேகத்தை நீங்களே கிளப்பிவிடுகிறீர்கள்.

இன்னொன்று நம்மூருக்கே உரியது. மீனாட்சியம்மன் கோயில் கோபுர நிழலில் வளர்ந்தேன், சங்கம் வளர்த்த நகரத்தின் மகள் நான் என்று தொடங்குவார்கள். படிக்க எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சப்ளை செயின் படிக்கப் போகிறவருக்குக் கோபுரம் எதற்கு? தொல்லியல் படிக்கப்போகிறவர் கீழடியைச் சொல்லட்டும், கட்டடக்கலைக்காரர் புதுமண்டபத்தைச் சொல்லட்டும். மற்றவர்கள் ஊரை விட்டுவிட்டு வேலையிடத்துக்கு வாருங்கள். பழைய வேலையில் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு விஷயம் உங்களுக்குப் புரியாமல் போயிருக்கும். பக்கத்துச் சீட்டுக்காரர் "அது அப்படித்தான், விடு" என்று சொல்லியிருப்பார். உங்களால் விட முடியாமல் போன அந்த இடம்தான் தொடக்கம்.

ஓர் உதாரணம் காட்டுங்களேன்.

இது நான் கட்டிய உதாரணம், யாருடைய கட்டுரையும் இல்லை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, பேங்க் எக்ஸாம் எழுதி, மேலூர் பக்கம் ஒரு கிளையில் அதிகாரியாக இருந்தவர். இப்போது வளர்ச்சிப் பொருளியல் படிக்க விரும்புகிறார். அவருடைய முதல் வரைவு இப்படி இருக்கிறது என்று வையுங்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டியதைத் தமிழில் தருகிறேன்:

"சிறு வயதிலிருந்தே கிராமப்புற மக்களுக்குச் சேவை செய்யும் தீராத ஆர்வம் எனக்கு உண்டு. குடும்பச் சூழ்நிலையால் பொறியியல் படித்து வங்கியில் சேர்ந்தேன். அந்த வேலை எனக்கு மனநிறைவு தரவில்லை. எனவே உங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் வளர்ச்சிப் பொருளியல் கற்று, சமூகத்தில் மாற்றத்தை ஏற்படுத்த விரும்புகிறேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து "கிளையில் உங்களை எது உறுத்தியது?" என்று கேட்டால் இப்படி வரும்:

"பயிர்க்கடனை உரிய காலத்தில் கட்டினால் விவசாயிக்கு வட்டி 4 சதவீதம்தான். கெடு தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். எங்கள் பகுதி பெரியாறு கால்வாயின் கடைமடை. ஓர் ஆண்டு தண்ணீர் தாமதமாகத் திறந்தார்கள். நடவு தள்ளிப்போனது, அறுவடையும் தள்ளிப்போனது, கணினியில் இருந்த கெடு தேதி மட்டும் அங்கேயே நின்றது. ஆனாலும் கடைசி வாரத்தில் பலர் வந்து முழுத் தொகையையும் கட்டினார்கள். நெல் இன்னும் வயலில் நிற்கும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரிடம் கேட்டேன். வெளியே வட்டிக்கு வாங்கி இங்கே கட்டுவதாகவும், கடனைப் புதுப்பித்ததும் அந்தப் பணத்தை எடுத்து வெளிக்கடனை அடைப்பதாகவும் சொன்னார். எங்கள் பதிவேட்டில் அவர் தவறாமல் கட்டும் வாடிக்கையாளர். அதன்பின் கிளைக் கணக்குகளில் பணம் கட்டிய நாளையும் புதுப்பித்த நாளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பலவற்றில் இடைவெளி சில நாட்களே. அப்படியானால் ஒழுங்கான கணக்கு என்று நாங்கள் மேலே அனுப்பிய அறிக்கை எதை அளந்தது? இதைச் சரியாகக் கேட்கவே எனக்குப் புள்ளியியல் போதவில்லை."

இங்கே ராஜினாமா என்ற பேச்சே இல்லை. மனநிறைவு, ஆர்வம், மாற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் வங்கியிலிருந்து இவர் ஏன் பொருளியலுக்குப் போகிறார் என்று படிப்பவருக்கே புரிந்துவிடுகிறது. கடைசி வரியைக் கவனியுங்கள். எனக்கு எல்லாம் தெரியும் என்று அது சொல்லவில்லை. தன்னிடம் எது குறைகிறது என்று துல்லியமாகச் சொல்கிறது, அந்தக் குறையை நிரப்புவதற்குத்தான் படிப்பு. இதற்கு அடுத்த பத்தியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடம், எந்தப் பேராசிரியரின் எந்த ஆய்வு இதற்கு உதவும் என்று எழுதினால் முட்டாமல் போய்ச் சேரும். "புகழ்பெற்ற" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், அது அவர்களுக்கே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. வாடிக்கையாளர் பெயர், கணக்கு விவரம், கம்பெனியின் உள்விவகாரம் எதையும் எழுதக் கூடாது. பழைய இடத்து ரகசியத்தைக் கொட்டுகிறவரை யாரும் புது இடத்தில் நம்பிச் சேர்க்க மாட்டார்கள்.

பழைய வேலையைப் பற்றி எவ்வளவு எழுதலாம்?

மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரெஸ்யூமேயில் இருப்பதை மறுபடி வரிசையாக ஒப்பிக்க வேண்டாம். எந்த ஆண்டு சேர்ந்தேன், எப்போது புரமோஷன் வந்தது என்பதெல்லாம் அங்கேயே இருக்கிறது.

மேலாளர் தொல்லை தாங்காமல் விட்டேன். லேஆஃபில் போனேன். உண்மையைச் சொல்லலாமா?

லேஆஃப் என்றால் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள், அதில் கேவலம் ஒன்றுமில்லை. மேலாளரைப் பற்றி எழுத வேண்டாம். நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு நியாயமாக இருந்தாலும், படிப்பவருக்கு ஒரு பக்கத்துக் கதைதான் கிடைக்கிறது. விட்டதற்குப் பத்துக் காரணம் இருக்கும், எல்லாவற்றையும் சொன்னால்தான் உண்மை என்றில்லை. புதுப் படிப்போடு சேர்கிற காரணத்தை மட்டும் சொல்லுங்கள். இல்லாத காரணத்தைப் புதிதாகப் படைக்காதீர்கள், அவ்வளவுதான்.

உடம்புக்கு முடியாமல், கட்டாயத்தால் துறை மாற வேண்டியதாயிற்று. அதை எப்படி எழுதுவது?

இதற்கு மதுரைக்காரர்கள் வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி 1918இல் பிறந்தவர். ஸ்டான்லியில் மருத்துவம் படித்து ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். கடுமையான முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அதன்பின் கண் மருத்துவத்துக்கு மாறினார். தன் விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு கண்புரை அறுவை செய்யப் பழகினார். வாழ்நாளில் அவர் செய்த கண் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1976இல் 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார்.

அவர் எந்தச் சேர்க்கைக் குழுவுக்கும் விளக்கம் எழுதவில்லை. ஆனால் இந்தக் கதையில் எதற்கு எத்தனை வரி போகிறது என்று பாருங்கள். நோய்க்கு ஒரு வரி. அதன்பின் எல்லாம் அவர் செய்தது. நம் வரைவுகளில் இது தலைகீழாக இருக்கும்: விபத்து, ஆஸ்பத்திரி, ஆபரேஷன், அம்மா அழுதது என்று ஒரு பக்கம், பிறகு என்ன செய்தேன் என்பதற்கு ஒரு வரி. படிப்பவருக்கு இரக்கம் வரும், இடம் தர வேண்டும் என்று தோன்றாது. என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். இப்போது படிப்பைத் தொடரத் தடை இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். மீதி இடம் முழுக்க மாறிய பிறகு நீங்கள் கற்றதற்கும் செய்ததற்கும்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படித்தே மூன்று நான்கு வருடம் போய்விட்டது. அந்த இடைவெளியை மறைக்கலாமா?

மறைக்க முடியாது. ரெஸ்யூமேயில் தேதிகளைக் கூட்டிக் கழித்தால் தெரிந்துவிடும், சொல்லாமல் விட்டால் வேறு ஏதோ என்று நினைப்பார்கள். நம் பக்கத்தில் குரூப் 2, குரூப் 4, பேங்க், எஸ்ஐ என்று படித்துக்கொண்டே இருக்கும் பையன்களும் பெண்களும் எத்தனை பேர் என்று எந்த நூலகத்திலும் காலையில் போய்ப் பார்த்தால் தெரியும். ஆனால் அமெரிக்காவிலோ அயர்லாந்திலோ இருக்கிற பேராசிரியருக்கு இந்த உலகம் தெரியாது. "மாநில அரசுப் பணிக்கான போட்டித் தேர்வுகளுக்கு முழுநேரமாகத் தயாரானேன். சில ஆயிரம் இடங்களுக்குப் பல லட்சம் பேர் எழுதும் தேர்வு அது" என்று இரண்டு வரியில் புரியவைத்துவிடலாம்.

அப்புறம், அந்த வருடங்களில் உண்மையாகவே என்ன கிடைத்தது என்று யோசியுங்கள். பொதுநிர்வாகம் படிக்கப் போகிறவருக்கு அரசியலமைப்பும் உள்ளாட்சியும் பட்ஜெட்டும் படித்தது நேரடி முதலீடு. அப்படி ஒட்டாத துறை என்றால், பக்கத்தில் செய்த மற்றதைச் சொல்லுங்கள். கோச்சிங் சென்டரில் ஜூனியர்களுக்குக் கணக்கு எடுத்தீர்களா, அப்பாவின் கடையில் கணக்கு பார்த்தீர்களா, எதுவானாலும் சரி. "தோல்வியடைந்தேன்" என்ற சொல்லை நீங்களாகப் போட வேண்டாம். "விடாமுயற்சியைக் கற்றுக்கொண்டேன்" என்றும் போட வேண்டாம்.

அரியர் இருந்தது. சிஜிபிஏவும் குறைவு. கட்டுரையில் சொல்லணுமா?

துறை மாற்றத்தோடு அதைக் கலக்காதீர்கள். பல விண்ணப்பங்களில் கூடுதல் விவரம் என்று தனிக் கட்டம் இருக்கும், அங்கே நான்கு வரி போதும்: எந்த செமஸ்டர், என்ன காரணம், எப்போது முடித்தேன். அந்தக் கட்டம் இல்லையென்றால் கட்டுரையின் பிற்பகுதியில் ஒரே வாக்கியம். மெக்கானிக்கலில் வாங்கிய மார்க்கைவிட, புதுத் துறையில் சமீபத்தில் எடுத்த பாடத்தில் நன்றாகச் செய்திருப்பது அதிகம் பேசும்.

இன்ஜினியரிங் என் விருப்பமே இல்லை, அப்பா சேர்த்துவிட்டார். எழுதலாமா?

உண்மைதான், ஊரில் பாதி வீட்டில் நடப்பதுதான். ஆனால் கட்டுரையில் எழுதினால் இரண்டு சிக்கல். ஒன்று, வாழ்க்கையை வேறு யாரோ நடத்திக்கொண்டிருந்த ஆளாக நீங்கள் தெரிவீர்கள். இன்னொன்று, நான்கு வருடப் படிப்பைக் குப்பையில் போட்டதாக ஆகிவிடும். அந்த நான்கு வருடத்தில் வந்த பழக்கம் ஏதாவது ஒன்று, எதையும் அளந்து பார்ப்பது, வரைபடம் போட்டு யோசிப்பது போல, புதுத் துறைக்கு ஒத்துவரும். அதைச் சொல்லுங்கள். அப்பாவை விட்டுவிடுங்கள், பாவம்.

புதுத் துறையில் எனக்கு அனுபவமே இல்லை. மதுரையில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். "மாற விரும்புகிறேன்" என்பதை யாரும் சொல்லலாம். மாறத் தொடங்கிவிட்டேன் என்பதற்குச் சின்னதாக ஒரு சாட்சி வேண்டும்.

என்பிடெல் என்ற ஆன்லைன் பாடங்கள் இருக்கின்றன. ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியர்கள் நடத்துபவை. படிக்கக் கட்டணம் இல்லை, சான்றிதழ் வேண்டுமென்றால் பணம் கட்டி நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். கண்காணிப்போடு எழுதிய தேர்வு என்பதால், வீட்டில் வீடியோவை ஓடவிட்டு வாங்கிய சான்றிதழைவிட இதற்கு மதிப்பு. 2023இல் புதுநத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுப் பகுதியைத் தாண்டி மற்ற மாடிகளுக்கும் போய்ப் பாருங்கள். எந்தத் துறைக்குப் போகிறீர்களோ அதன் முதல் ஆண்டுப் பாடநூல் ஒன்றையாவது முழுதாகப் படித்துவிடுங்கள். இதைச் செய்த சிலர் "சார், இது எனக்குச் செட் ஆகாது" என்று விண்ணப்பிக்கும் முன்பே விலகியதும் உண்டு. அதுவும் லாபம்தான்.

ஆனால் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். ஒன்றை எடுத்து, கற்றதை வைத்து ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒரு ஸ்டாஃப் நர்ஸ் மருத்துவமனை நிர்வாகம் படிக்க விரும்புகிறார் என்று வையுங்கள். தான் வேலை பார்க்கும் ஓபியில், நிர்வாகத்தின் அனுமதியோடு, டோக்கன் வாங்கிய நேரம், டாக்டரைப் பார்த்த நேரம், மருந்து வாங்கிய நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறிக்கிறார். எல்லோரும் டாக்டருக்காகக் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, கூட்டம் உண்மையில் தேங்குவது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வரும் இடத்தில் என்று தெரிகிறது. செலவு ஒரு நோட்டும் பேனாவும். எந்த ஆன்லைன் கோர்ஸைவிடவும் இது கட்டுரையில் கனமாக உட்காரும்.

ஜெர்மனிக்கு எழுதுகிறேன். இதே முறை போதுமா?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலான முதுநிலைப் படிப்புகள் இளநிலையின் தொடர்ச்சியாக அமைந்தவை. உங்கள் பட்டத்தில் அந்தத் துறைப் பாடங்கள் இத்தனை கிரெடிட் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருப்பார்கள். மெக்கானிக்கல் படித்துவிட்டு அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டால், கட்டுரை எவ்வளவு அழகாக இருந்தாலும் கிரெடிட் கணக்கிலேயே வெளியே போய்விடும். வேலை அனுபவம் உள்ளவர்களுக்கென்றே தனி வகை முதுநிலைப் படிப்புகளும் உண்டு, அவற்றில் பலவற்றுக்குக் கட்டணம் இருக்கும். முதலில் நிபந்தனையைப் படியுங்கள், பிறகு எழுதுங்கள். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்கள் விசாவுக்கு ஏபிஎஸ் சான்றிதழும், அதாவது கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் சான்றும், வாங்க வேண்டும்.

இங்கிலாந்து இதில் தாராளம். வேறு துறையில் பட்டம் பெற்றவர்களுக்காகவே கன்வர்ஷன் படிப்புகள் இருக்கின்றன, கம்ப்யூட்டர் சயின்ஸிலும் உளவியலிலும் குறிப்பாக. அங்கே எல்லோருமே துறை மாறுகிறவர்கள்தான் என்பதால் மாறுவதை நியாயப்படுத்தவே வேண்டாம். ஏன் இப்போது, ஏன் இது என்று மட்டும் எழுதலாம்.

இந்தியாவிலேயே படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் தேவையா?

டாடா சமூக அறிவியல் நிறுவனம் இப்போது பெரும்பாலான முதுநிலைப் படிப்புகளுக்கு சியூஇடி என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறது. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் தேர்வும் நேர்காணலும் உண்டு. ஐஐஎம்களின் நேர்காணலில் "ஏன் எம்பிஏ?" என்பதை எதிர்பார்க்காமல் யாரும் உள்ளே போவதில்லை. எழுதச் சொன்னாலும் பேசச் சொன்னாலும் கேள்வி ஒன்றுதான். முன்பே எழுதிப் பார்த்தவர் பேசும்போது உளறுவதில்லை.

உதவித்தொகைக் கட்டுரையிலும் இதையே எழுதலாமா?

அப்படியே ஒட்டக் கூடாது. பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு, அதாவது 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். முழுநேரம், பகுதிநேரம், தன்னார்வப் பணி எல்லாம் கணக்கில் வரும். படிப்பு முடிந்ததும் சொந்த நாடு திரும்பி இரண்டு ஆண்டாவது இருக்க வேண்டும். அமெரிக்காவில் படிப்பதற்கான ஃபுல்பிரைட்-நேரு முதுநிலை உதவித்தொகைக்குக் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள், அவர்களும் திரும்பி வருபவரைத்தான் தேடுகிறார்கள். பல்கலைக்கழகம் "இங்கே என்ன படிப்பாய்?" என்று கேட்கிறது. உதவித்தொகை தருபவர் "திரும்பிப் போய் என்ன செய்வாய்?" என்று கேட்கிறார். மேலூர் வங்கி அதிகாரி முதலாவதில் புள்ளியியலைப் பற்றி நிறைய எழுதுவார். இரண்டாவதில் திரும்பி வந்து எந்த மாதிரி அமைப்பில், கடன் கெடு தேதியை எப்படி மாற்றிப் பார்க்க நினைக்கிறார் என்று எழுதுவார்.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?

நம்மூரில் எச்ஓடியிடம் போனால், "நீயே அடிச்சு எடுத்துட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்பார். அன்போடுதான் சொல்கிறார். ஆனால் மூன்று கடிதமும் உங்கள் நடையிலேயே இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் அவரிடம் செய்த புராஜெக்ட், அவர் வகுப்பில் நடந்த ஒரு விஷயம், இப்போது ஏன் துறை மாறுகிறீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு கொடுத்து, "சார், இதைப் பார்த்து நீங்களே எழுதுங்க" என்று கேளுங்கள். கல்லூரி மெயில் ஐடியிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள்.

துறை மாறுகிறவர்களுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் அவசியம் என்பது என் கருத்து. கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தவர், சொல்லாமலே ஒன்றைக் கண்டுபிடித்தவர் என்று உங்கள் கட்டுரை சொல்வதை இன்னொருவர் வாயிலிருந்து கேட்க வேண்டும். இப்போதைய மேலாளருக்கு நீங்கள் போவது தெரியக் கூடாது என்றால், வேறு கம்பெனிக்குப் போய்விட்ட பழைய டீம் லீடரிடம் கேட்கலாம்.

கன்சல்டன்சியில் இலவசமாகவே எழுதித் தருகிறார்களே?

இலவசம் எப்படி என்று யோசித்தீர்களா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, ஆளைச் சேர்த்துவிடும் ஏஜென்டுக்குக் கமிஷன் தருகின்றன. விண்ணப்பம், விசா வேலைகளுக்கு அவர்களை வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. கட்டுரையை மட்டும் தராதீர்கள். அவர்களிடம் ஒரு அச்சு இருக்கும், பெயரையும் கோர்ஸையும் மாற்றுவார்கள். துறை மாறாதவர்கள் அந்த அச்சில் ஒருவேளை தப்பிக்கலாம். உங்கள் கதை அதில் அடங்காது.

சாட்ஜிபிடி பற்றியும் கேட்கிறார்கள். கட்டுரை என் சொந்த எழுத்து என்று உறுதிமொழி வாங்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு, அவரவர் விதியைப் படித்துக்கொள்ளுங்கள். விதி இடம் கொடுத்தாலும், இலக்கணம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. கடைமடை விவசாயி கடைசி வாரத்தில் வந்து நின்றது உங்களுக்குத்தான் தெரியும்.

நான் தமிழ் மீடியம். ஆங்கிலம் சுமார். என்ன செய்வது?

முதலில் தமிழில் பேசிப் பதிவு செய்யுங்கள். நண்பரிடம் சொல்வதுபோல, "அன்னைக்கு என்ன ஆச்சுன்னா" என்று தொடங்கி. பிறகு அதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் எழுதுங்கள். கட்டுரையைக் கெடுப்பது பெரும்பாலும் எளிய ஆங்கிலம் இல்லை. அகராதியில் தேடி எடுத்த பெரிய சொற்கள்தான். லட்சம், கோடியை வெளிநாட்டார் எண்ணும் முறைக்கு மாற்றுங்கள். மேலூர் என்றால் எங்கே, கடைமடை என்றால் என்ன என்று அரை வரி சேருங்கள்.

வயது 35 தாண்டிவிட்டது.

முதுநிலைக்குப் பெரும்பாலான வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் வயது வரம்பு இல்லை. கட்டுரையில் வயதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கட்டுரையில் ஒன்று, விசா நேர்காணலில் ஒன்று சொன்னால் பிரச்சினையா?

பிரச்சினைதான். அமெரிக்க விசா நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடும், துறை மாறியவரிடம் "ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்க வாய்ப்பு அதிகம். இங்கிலாந்துக்கும் சில பல்கலைக்கழகங்கள் தாங்களே நேர்காணல் வைக்கின்றன. கட்டுரையை வேறு யாராவது எழுதியிருந்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் பதிலை மூன்று வாக்கியத்தில் சொல்லிப் பழகுங்கள்: என்ன வேலை பார்த்தேன், அங்கே எது புரியவில்லை, இந்தப் படிப்பு அதற்கு எப்படி உதவும்.

எப்போது எழுதத் தொடங்க வேண்டும்?

அடுத்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் சேர்வதற்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் கெடு டிசம்பர், ஜனவரியில் முடிந்துவிடும். இங்கிலாந்தில் பல படிப்புகளுக்கு இடம் நிரம்பும் வரை எடுத்துக்கொண்டே இருப்பார்கள். துறை மாறுகிறவர்கள் ஜூலையிலேயே முதல் வரைவை எழுதிவிடுவது நல்லது. எழுதும்போதுதான் சாட்சி என்று காட்ட ஒன்றுமில்லை என்று தெரியவரும், அந்தச் சின்ன வேலையைச் செய்ய இரண்டு மாதமாவது வேண்டும். அதே ஜூலையில் பல்கலைக்கழகத்தில் ட்ரான்ஸ்கிரிப்டுக்கும் (எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணும் அடங்கிய சான்று) விண்ணப்பித்துவிடுங்கள். கட்டுரையை ஒரு ராத்திரியில்கூடத் திருத்திவிடலாம், தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் உங்கள் கோப்பை ஒரு ராத்திரியில் நகர்த்த முடியாது.